பிஷப் எச்7, அப்புறம்?

அக்கா மகளுக்கு 11 வயது. ஞாயிற்றுக்கிழமைகளில் மேற்கு மாம்பலத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். சாப்பாடு முடிந்ததும் கூடத்தில் பாயைப் போட்டு, சுருட்டி வைத்திருக்கும் செஸ் ஷீட்டை அதன்மேல் விரிப்போம். போன மாதம் ஒரு ஞாயிறன்று கையில் ஒரு தாளோடு வந்தாள். முன்பக்கம் 12 புதிர்கள், பின்பக்கம் விடைகள். ஒன்பதாவது புதிருக்கு விடை ஒரே வரி: பிஷப் எச்7 சிப்பாயை வெட்டுகிறது, வெள்ளைக்கு வெற்றி.

“எனக்கும் அதே விடைதான் மாமா வந்துச்சு. ஆனா வெற்றின்னு போட்டிருக்காங்களே, எப்படி வெற்றி?”

“ராஜாவை வெளியே இழுத்துட்டோம்ல, அப்புறம் மேட்தான்” என்றேன்.

“எந்தக் கட்டத்துல மேட்?”

பதில் சொல்லத் தெரியவில்லை. முப்பது வருடமாக எனக்குப் பழக்கமான பலி அது, அதாவது தாக்குதலுக்காகக் காயை வேண்டுமென்றே கொடுப்பது. பார்த்தவுடன் கை தானாக நகரும். ஆனால் இந்தப் பலகையில், இந்தக் காய்களோடு அது ஏன் செல்லுகிறது என்று ஒருமுறைகூட முழுதாகக் கணக்குப் போட்டதில்லை. அன்று மூன்று மணிக்கு உட்கார்ந்தோம், விளக்கு வைக்கும் நேரம் வரை எழுந்திருக்கவில்லை. செஸ் கணக்குப் போட்டு விடை சொல்லும் கணினி எஞ்சினைத் திறக்கக்கூடாது என்பது அவளே போட்ட விதி. அந்த மூன்று மணி நேரத்தில் நடந்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

பலகையில் இருந்தது

இடமிருந்து வலமாக ஏ, பி, சி என்று எச் வரை. வெள்ளையின் பக்கம் 1, கறுப்பின் பக்கம் 8. வீட்டில் பலகை இருந்தால் அடுக்கிக்கொண்டு படியுங்கள், அதுதான் சுகம்.

வெள்ளை: ராஜா இ1, ராணி டி1, யானைகள் ஏ1, எச்1, பிஷப்கள் சி1, டி3, குதிரைகள் பி1, எஃப்3. சிப்பாய்கள் ஏ2, பி2, சி2, டி4, இ5, எஃப்2, ஜி2, எச்4.

கறுப்பு: ராஜா ஜி8, ராணி டி8, யானைகள் ஏ8, எஃப்8, பிஷப்கள் சி8, இ7, குதிரைகள் சி6, டி5. சிப்பாய்கள் ஏ7, பி7, சி7, டி7, இ6, எஃப்7, ஜி7, எச்7.

ஆட வேண்டியது வெள்ளை. இரண்டு பக்கமும் காய்கள் சமம், இதுவரை ஒன்றுகூட வெட்டுப்படவில்லை.

தாளில் யார் ஆட்டம் என்று போடவில்லை. எனக்கு அடையாளம் தெரிந்தது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலியின் கலாப்ரியாவைச் சேர்ந்த ஜியோவாக்கினோ கிரேக்கோ என்பவர் கையெழுத்துப் பிரதிகளில் எழுதி வைத்த ஆட்டம் இது. வெள்ளை இ4, டி4 என்று சிப்பாய்களை நகர்த்தி, டி3இல் பிஷப்பையும் எஃப்3இல் குதிரையையும் வைத்து, எச் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளியது. கறுப்பு காஸ்லிங் செய்து, ராஜாவை யானைக்குப் பக்கத்தில் ஓரமாக ஒதுக்கிக்கொண்டது. உடனே வெள்ளையின் இ சிப்பாய் இ5க்குப் போய், எஃப்6இல் நின்ற குதிரையை டி5க்கு விரட்டியது. ஆறே நகர்வுகள். சுமார் 400 வருடம் கழித்தும் குழந்தைகளின் புதிர்த்தாளில் வந்து நிற்கிறது.

அந்தக் குதிரையை விரட்டியதுதான் முதல் செய்தி. எஃப்6 குதிரை இருந்தவரை எச்7 சிப்பாய்க்கு அது காவல். அது போனபின் ராஜாவைத் தவிர வேறு காவல் இல்லை. இ5 சிப்பாய் எஃப்6ஐப் பார்த்துக்கொண்டே நிற்பதால் குதிரை சும்மா திரும்பி வரவும் முடியாது. வெள்ளைப் பக்கம் டி3 பிஷப்புக்கு எச்7 வரை வழி திறந்திருக்கிறது. எஃப்3 குதிரை ஒரு தாவலில் ஜி5க்கு வரும். அது நகர்ந்த மறுகணம் ராணிக்கு டி1இலிருந்து எச்5 வரை குறுக்குப் பாதை திறந்துவிடும். இதெல்லாம் அவளுக்கே தெரிந்திருந்தது. தெரியாதது இதற்கப்புறம் வருவதுதான்.

ஐந்து கதவுகள்

பிஷப் எச்7ஐ வெட்டி செக். ராஜா பிஷப்பை வெட்டுகிறது. குதிரை ஜி5, செக்.

இங்கே நிறுத்தி ஒரு காகிதத்தை எடுத்தோம். கறுப்புக்கு என்னென்ன வழி என்று அவளையே எழுதச் சொன்னேன். ராஜா ஜி8க்குத் திரும்பலாம். எச்8 மூலைக்குப் போகலாம். எச்6க்கு ஏறலாம். ஜி6க்கு ஏறலாம். இ7 பிஷப்பால் குதிரையையே வெட்டலாம். ஆக ஐந்து. ஒரு கதவைப் பூட்டாமல் விட்டாலும் பலி வீண் என்று சொன்னேன். அவள் ஐந்துக்கும் பக்கத்தில் சின்னச் சின்னப் பூட்டு வரைந்தாள்.

முதல் இரண்டு கதவுகள் சட்டென்று முடிந்தன. ராஜா எச்8 போனால் ராணி எச்5 செக், ராஜா ஜி8, ராணி எச்7 மேட். நேராக ஜி8 போனால் ராணி எச்5. அடுத்து எச்7இல் மேட் காத்திருக்கிறது. யானையை இ8க்கு நகர்த்தி எஃப்8 கட்டத்தைக் காலி செய்தால்? ராணி எச்7 செக், ராஜா எஃப்8, ராணி எச்8 மேட். ராஜாவுக்கு இ7இல் சொந்த பிஷப், இ8இல் சொந்த யானை, எஃப்7இலும் ஜி7இலும் சொந்தச் சிப்பாய்கள். சொந்தக் குடும்பமே வழியை அடைத்து நிற்கிறது. கறுப்புக்கு மிச்சம் இருப்பது ஜி5 குதிரையை பிஷப்பால் வெட்டுவது. அது ஐந்தாவது கதவோடு சேர்ந்துவிடுகிறது என்பதால் அங்கே பார்க்கலாம் என்று ஒதுக்கி வைத்தோம்.

எச்6க்கு ஏறினால் வெள்ளைக்குக் கொண்டாட்டம். குதிரை எஃப்7 சிப்பாயை வெட்டுகிறது. குதிரையிடமிருந்து ஒரு செக், வழி திறந்த சி1 பிஷப்பிடமிருந்து இன்னொரு செக். இரட்டை செக் என்றால் ராஜா நகர்ந்தே ஆக வேண்டும். எஃப்8 யானை எஃப்7ஐப் பார்த்துக்கொண்டிருந்தும் குதிரையை வெட்ட அனுமதி கிடையாது. ராஜா ஜி6க்கோ எச்7க்கோ ஒதுங்க, குதிரை டி8 ராணியைத் தூக்கிக்கொண்டு போகிறது. மேட் இல்லை, ஆனால் காய்க் கணக்கிலேயே ஆட்டம் தீர்ந்தது.

ஜி6: ஒரு மணி நேரம் போன இடம்

நான்காவது கதவில்தான் மாட்டிக்கொண்டோம்.

ராஜா ஜி6. வெட்ட வெளியில் நிற்கிறது, பக்கத்திலேயே வெள்ளைக் குதிரை. இப்படி நின்றால் ராணி ஜி4 என்பது எனக்குச் சிறுவயதிலிருந்து மனப்பாடம். எந்தப் பலகையானாலும் அதைத்தான் முதலில் போடுவேன், அன்றும் போட்டேன். அவள் கறுப்பின் எஃப் சிப்பாயை எஃப்5க்குத் தள்ளினாள். ராணிக்கு அடி. சரி, ராணி டி3இல் செக் என்று மாற்றினேன். மறுபடியும் எஃப்5. ஒவ்வொரு வழியிலும் மூன்று கிளை, ஒவ்வொரு கிளையிலும் மூன்று குச்சி. காகிதம் நிறைந்துவிட்டது. இடையில் அக்கா காபி கொண்டுவந்து வைத்தாள். ஆறிப்போய்த் திரும்பக் கொண்டுபோனாள்.

பழக்கம் எவ்வளவு பெரிய திரை என்று அந்த ஒரு மணி நேரம் எனக்குக் காட்டியது. நான் பார்த்துக்கொண்டிருந்தது இந்தப் பலகையையே அல்ல; இதற்கு முன்பு பார்த்த நூறு பலகைகளின் நிழலை. அவளுக்கு அந்த நூறு பலகைகள் கிடையாது.

“அந்த எச்4 சிப்பாய் எதுக்கு மாமா அங்க நிக்குது?”

குதிரைக்குக் காவல் என்றேன்.

“குதிரைக்குத்தான் சி1 பிஷப்பும் காவல் இருக்கே. அப்ப சிப்பாய் போகலாம்ல?”

எச்4 சிப்பாயை எச்5க்குத் தள்ளினாள். செக்.

இரண்டு பேரும் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தோம். எச்5 சிப்பாயை ராஜா வெட்ட முடியாது; பின்னால் எச்1இல் யானை, குறுக்கே டி1இல் ராணி. ஜி5 குதிரையை வெட்ட முடியாது. சி1 பிஷப் காவல். எச்7க்குத் திரும்ப முடியாது. அது குதிரையின் பார்வையில் இருக்கிறது. மிச்சம் இரண்டே கட்டம்: எச்6, எஃப்5. எச்6க்குப் போனால் முன்பு பார்த்த அதே இரட்டை செக்: குதிரை எஃப்7ஐ வெட்ட, ராஜா எச்7க்கு ஒதுங்க, டி8இல் ராணி காலி.

எஃப்5க்குப் போனால்?

“ஜி4” என்றாள். ஜி2 சிப்பாயை இரண்டு கட்டம் தூக்கி வைத்தாள். “மேட்டா மாமா?”

எனக்கு நம்பிக்கை வரவில்லை. நடுப்பலகையில் நிற்கும் ஒரு ராஜாவை, வீட்டை விட்டே நகராத ஒரு சிப்பாய் மேட் செய்வதா? எட்டு கட்டத்தையும் விரல் வைத்து எண்ணச் சொன்னேன். இ4: ஜி5 குதிரையின் பார்வையில். எஃப்4: சி1 பிஷப். ஜி5: குதிரை நிற்கிறது, அதற்குக் காவல் அதே சி1 பிஷப். ஜி4: செக் கொடுக்கும் சிப்பாய், பின்னால் டி1 ராணி. ஜி6: எச்5 சிப்பாய். எஃப்6: இ5 சிப்பாய். இ5: சிப்பாய்க்கு டி4 சிப்பாய் காவல். இ6: கறுப்பின் சொந்தச் சிப்பாய். எட்டும் அடைப்பு. ஜி4 சிப்பாயை வெட்டக் கறுப்பிடம் எதுவும் இல்லை.

மேட்தான். பிஷப் பலியிலிருந்து எண்ணினால் நாலாவது நகர்வில்.

அந்த நிமிடத்தில் என் மனதில் நின்றது சி1 பிஷப்தான். ஆட்டம் தொடங்கியதிலிருந்து ஒரு கட்டம்கூட நகரவில்லை. புதிதாக ஆடக் கற்பவர்களிடம் நாங்கள் எல்லோரும் சொல்வது, காய்களை வெளியே கொண்டுவா, கொண்டுவா என்பதுதான். இங்கே டி சிப்பாய் முன்னால் போய்விட்டதால் சி1இலிருந்து எச்6 வரை ஒரே நேர்ப்பாதை. உட்கார்ந்த இடத்திலிருந்தே எஃப்4ஐ அடைக்கிறது, ஜி5க்குக் காவல் நிற்கிறது, எச்6க்கு ராஜா ஏறினால் செக் தருகிறது. பலியாகிப் பெயர் வாங்குவது டி3 பிஷப், வேலை முழுவதும் செய்வது இது. விடைத்தாளின் ஒற்றை வரியில் இதற்கு இடமே இல்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஐந்தாவது கதவு

இ7 பிஷப் ஜி5 குதிரையை வெட்டுகிறது. கிரேக்கோவின் பிரதியிலும் கறுப்பு இதைத்தான் ஆடுகிறது.

எச்4 சிப்பாய் இப்போது ஜி5இல் வெட்டுகிறது. அது எச் வரிசையை விட்டு விலகியதும் பின்னால் நின்ற யானை செக் சொல்கிறது. கறுப்புக்கு நடுவில் வைக்க ஒரு காயும் கிடையாது. ராஜா ஜி6 அல்லது ஜி8.

ஜி6 என்றால் ராணி எச்5 செக்; ராஜா எஃப்5 ஒன்றுதான் போக முடியும். ராணி பின்வாங்கி எச்3இல் செக். ராஜா ஜி6க்குத் திரும்பினால் ராணி எச்7 மேட். இ4க்கு ஓடினால் ராணி டி3 மேட். ராணி பின்வாங்கி செக் வைப்பது குழந்தைகளின் கண்ணுக்கு லேசில் படாது. கை முன்னாலேயே போகப் பார்க்கும். இதை நான்தான் கண்டுபிடித்தேன், பெருமையாகவே சொல்லிக்கொள்கிறேன்.

ஜி8 என்றால் ராணி எச்5. எச்7, எச்8 இரண்டிலும் மேட் மிரட்டல், காரணம் பின்னால் யானை. குதிரையை எஃப்6க்குக் கொண்டுவந்து எச்7ஐக் காத்தால் எச்8இல் மேட். ஆகவே கறுப்பு எஃப் சிப்பாயை எஃப்5க்குத் தள்ளி, ராஜாவுக்கு எஃப்7இல் ஒரு ஜன்னல் திறக்கிறது. முன்பு ஒதுக்கி வைத்த ஜி8 கதவின் மிச்சமும் சரியாக இதே இடத்துக்கு வந்து சேர்கிறது.

அவள் சடாரென்று ராணியை எச்7இல் வைத்து செக் என்றாள். நான் ராஜாவை எஃப்7க்கு நகர்த்தினேன். முகம் வாடிவிட்டது. இரண்டே நகர்வில் இருந்த மேட் நழுவி, இனி துரத்த வேண்டும். துரத்தினால் கிடைக்கலாம், ஆனால் ஒரு காயைக் குறைவாக வைத்துக்கொண்டு துரத்துவது வேறு ஆட்டம்.

“செக் வைக்காத. ஜன்னலை மூடு.”

கொஞ்ச நேரம் யோசித்தாள். ஜி5 சிப்பாயை மெல்ல ஜி6க்கு நகர்த்தினாள். செக் இல்லை, வெட்டு இல்லை, சத்தமே இல்லாத நகர்வு. எஃப்7 அடைந்தது, எச்7க்கு இன்னொரு காவலும் கிடைத்தது. எனக்கு இந்தப் புதிரிலேயே மிகவும் பிடித்த நகர்வு இதுதான். முதல் பலியை யாரும் பார்த்துவிடலாம். இரண்டு காய்களை இறக்கிவிட்டு, நெஞ்சு அடித்துக்கொள்ளும் நேரத்தில், ராஜா ஓடுவதற்குள் நிதானமாக ஒரு சிப்பாயை ஒரு கட்டம் தள்ளுவதற்குத் தனி மனம் வேண்டும். கறுப்பு யானையை இ8க்கு நகர்த்த, ராணி எச்8 மேட். பிரதியில் ஆட்டம் இங்கே முடிகிறது.

நாங்கள் முடிக்கவில்லை. கறுப்பு பிடிவாதக்காரராக இருந்தால்? இ7 பிஷப் போனதும், ஜி5 சிப்பாய் ஜி6க்கு நகர்ந்ததும், டி8 ராணிக்கு எச்4 வரை குறுக்குப் பாதை திறந்துவிடுகிறது. ராணியை எச்4இல் வீசினால்? இதைக் கேட்டது அவள்தான். நான் அலட்சியமாக, எச்7இல் மேட் இருக்கிறதே என்று ராணியை வைத்தேன். எச்4இல் இருந்த கறுப்பு ராணி நேரே மேலேறி என் ராணியை வெட்டியது! எச்5ஐ விட்டு நான் கிளம்பியதும் வரிசை அதற்குத் திறந்துவிட்டது. சரியான பதில் எளிமையானது: எச்4இல் வந்த ராணியை வெட்டிவிடு. எச்7, எச்8 மிரட்டல்கள் அப்படியே நிற்கும். யானை இ8 போனால் எச்8 மேட். கறுப்பு ஒரு நகர்வு தள்ளிப்போட்டதற்கு விலை ஒரு ராணி.

பலியை ஏற்காமலே ராஜா முதலிலேயே எச்8க்கு ஒதுங்கினால் என்ற கேள்வியை ஒரு வரியில் முடித்துக்கொண்டோம். வெள்ளைக்கு ஒரு சிப்பாய் இலாபம், ராஜாவின் கூரை பிய்ந்துபோனது, தாக்குதல் தொடர்கிறது.

எச்4ஐ எச்2க்குத் திருப்பிப் பார்த்தோம்

கதவுகள் எல்லாம் பூட்டியாகிவிட்டது. அவளுக்கு ஒரு யோசனை. எச்4 சிப்பாயை எடுத்துத் திரும்ப எச்2இல் வைத்தாள், மற்றதெல்லாம் அப்படியே. “இப்பவும் பிஷப் எச்7 சரியா மாமா?”

அதே வரிசையில் ஆடினோம். பிஷப் வெட்டு, ராஜா வெட்டு, குதிரை ஜி5 செக், கறுப்பு பிஷப் குதிரையை வெட்டுகிறது. இப்போது வெட்டுவதற்கு எச்4இல் சிப்பாய் இல்லை, யானையின் செக்கும் இல்லை. சி1 பிஷப்பால் ஜி5இல் வெட்டினால் டி8 ராணி சும்மா எடுத்துக்கொள்ளும். ராணி எச்5 செக் வைத்தால், கறுப்பு பிஷப் எச்6க்குப் பின்வாங்கி நடுவில் நிற்கிறது. அதை வெட்டினால் ஜி சிப்பாய் திரும்ப வெட்டும். பலகையில் தாக்குதலுக்கு மிச்சம் ராணி ஒருத்திதான். வெள்ளை இரண்டு காய்கள் குறைவு, கையில் கிடைத்தது ஒரு சிப்பாய். ஆட்டம் போச்சு.

அதே பலி, அதே முதல் நகர்வு. ஒரு சிப்பாய் இரண்டு கட்டம் பின்னால் நிற்கிறது என்பதற்காக வெற்றி தோல்வியாகிறது. “அப்ப விடைத்தாளை மட்டும் மனப்பாடம் பண்ணிட்டுப் போய் டோர்னமென்ட்ல ஆடினா?” என்று கேட்டாள். நானே ஆடியிருக்கிறேன், தோற்றும் இருக்கிறேன். எழும்பூர்ப் பக்கம் ஒரு போட்டியில், காலேஜ் நாட்களில், இதே பலியை எச்2 சிப்பாயோடு போட்டேன். எதிரில் இருந்தவர் வெட்டிவிட்டு, கடிகாரத்தை அழுத்தி, நடக்கப் போய்விட்டார். அந்த நடையை மறக்க முடியவில்லை.

நான் வளர்ந்த காலத்துச் சென்னையில் பலி என்றால், உலக சாம்பியனாக இருந்த மிகையில் தால். சோவியத் கலாச்சார மையத்தில் அவர் பெயரிலேயே செஸ் கிளப் இருந்தது. விஸ்வநாதன் ஆனந்த் சிறுவனாக ஆடிய இடம். நான் வேடிக்கை பார்க்கப் போய் ஓரமாக நின்றிருக்கிறேன். தால் என்றால் துணிச்சல், துணிச்சல் என்றால் முதல் பலி, அவ்வளவுதான் அப்போது புரிந்தது. ஆனந்த் பற்றி நாங்கள் பிறகு தெரிந்துகொண்ட ஒரு சங்கதியை அவளுக்குச் சொன்னேன். குடும்பம் மணிலாவில் இருந்தபோது பகலில் தொலைக்காட்சியில் செஸ் நிகழ்ச்சி வருமாம். இவர் பள்ளியில் இருப்பதால் அம்மா உட்கார்ந்து புதிரை எழுதி வைப்பாராம். மாலையில் இருவரும் சேர்ந்து விடை கண்டு அனுப்புவார்களாம்.

“அவங்க அம்மாவும் ஒவ்வொரு கதவா பாத்திருப்பாங்களா?”

“பாத்திருப்பாங்க.”

நேரமாகிவிட்டது. அக்கா வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு கூப்பிட்டாள். இவள் தாளைத் திருப்பி, ஒன்பதாவது விடையின் அச்சு வரிக்குக் கீழே இருந்த சின்ன இடத்தில் பென்சிலால் நெருக்கி நெருக்கி எழுதினாள்: ஜி6 வந்தால் எச்5, எஃப்5 வந்தால் ஜி4 மேட், குதிரையை வெட்டினால் ஜி6 மறக்காதே, எச்4 இல்லேன்னா வேண்டாம். இடம் போதாமல் கடைசிச் சொல் பத்தாவது விடையின் மேல் ஏறிவிட்டது. அடுத்த ஞாயிறு பத்தாவதைப் பார்க்கலாம் என்றாள். அதற்கும் விடை ஒரே வரிதான்.